அப்பாவுக்குக் கல்வெட்டு: 31 ஆம் நாளுக்கு முன் எதை எழுதுவது, எதை விடுவது?

செப்டெம்பர் 18, 2025 – கேட்டவர், வெள்ளவத்தை

அப்பா இந்த மாதம் 11 ஆம் திகதி இரவு 9.20க்குக் காலமானார். வயது 78. ஊர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் ஒரு சிறு பட்டினம். கடைசி ஆறு வருடம் கொழும்பில் எங்களோடு இருந்தார். ஊரில் சனசமூக நிலையத் தனாதிகாரி (பொருளாளர்), கோயில் அன்னதான சபை, இரத்ததான முகாம், ஆருடைய செத்தவீடு என்றாலும் பந்தல் போடுவதிலிருந்து சாம்பல் அள்ளுகிற காடாற்று வரை அவர் நிற்பார்.

31 ஆம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கல்வெட்டு, அதாவது அப்பாவின் நினைவுப் புத்தகம், அடிக்க யோசிக்கிறோம். அச்சகத்தில் ஒரு மாதிரிக் கல்வெட்டுத் தந்தார்கள். “பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், சமூகத்தின் தூண்.” பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அண்ணா சொல்கிறார், கல்வெட்டை இப்ப ஒருவரும் வாசிக்கிறதில்லை, படம் போட்டு ஒரு மடிப்புத் தாள் அடித்தால் போதும் என்று. அது சரியா? செய்வதென்றால் நாள் காணுமா?

செப்டெம்பர் 18, இரவு – அச்சு வேலைக்காரர்

நாள் காணும், ஆனால் மட்டுமட்டு. காலமான நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும். 11 முதல் நாள் என்றால் 31 ஆம் நாள் ஒக்டோபர் 11, சனிக்கிழமை. அடுத்த நாளிலிருந்து எண்ணி மண்டபத்தை 12க்குப் பதிந்துவிட்டுத் தவிக்கிறவர்கள் உண்டு. ஐயரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திவிட்டு மண்டபத்துக்கு முற்பணம் கொடுங்கள்.

இனிப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். புத்தகம் 9 ஆம் திகதி வியாழன் கைக்கு வர வேண்டும். ஒக்டோபர் 5 ஞாயிறு, 6 திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை). இரண்டு நாளும் அச்சகம் பூட்டு. ஆகவே கடைசிச் சம்மதம் 2 ஆம் திகதி மாலைக்குள். புரூப் (பிழை பார்க்கத் தரும் மாதிரி அச்சு) மூன்று தரம் பார்க்க ஐந்து நாள். எழுத்து வேலை முழுவதும் செப்டெம்பர் 27க்குள் முடிந்திருக்க வேண்டும். ஒன்பது நாள் இருக்கிறது.

அளவு ஏ5. உள்ளே 32 பக்கம், அட்டை தனியாக 4 பக்கம். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் பக்கங்கள் நாலின் மடங்காகத்தான் வரும். அச்சுத் தாள் மடிப்புக்கு 16, 32 வசதி. 34 பக்கம் என்று வந்தால் இரண்டைக் குறையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுவீர்கள். உள்ளே 80 கிராம் தாள் போதும், படப் பக்கங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பர். 300 பிரதி அடியுங்கள். தேவாரப் பக்கங்களை வெட்டிவிட்டு வரலாற்றுக்கு இடம் விடலாம்.

செப்டெம்பர் 19 – தமிழாசிரியர், ஓய்வு

பிள்ளை, அண்ணா சொல்வதில் பாதி சரி. வாசிக்கப்படாதது “பண்பின் சிகரம்” பக்கம். எங்கள் ஊர்களின் வரலாற்றில் பெரும் பகுதி கல்வெட்டுகளிலும் நினைவு மலர்களிலும்தான் கிடக்கிறது. எந்த வாசிகசாலையை எந்த ஆண்டு கட்டினார்கள், கிணறு வெட்டக் காணி கொடுத்தது யார் என்பதெல்லாம் வேறெங்கும் அச்சில் இல்லை. “நூலகம்” என்ற பெயருள்ள இணைய எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்த்து வருகிறது. அங்கே நினைவு மலர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஐம்பது வருடம் கழித்து ஒருவர் தேடி வருவார் என்று நினைத்து எழுதுங்கள். மடிப்புத் தாள் அதுவரை நிற்காது.

மேலே தேவாரத்தை வெட்டச் சொன்னதை நான் ஏற்கவில்லை. அன்று வீட்டில் எல்லோரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடுவார்கள். பஞ்சபுராணம், அதாவது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் ஒவ்வொன்று, ஒரே பக்கத்தில் அடங்கும். சிவபுராணம் 95 அடி, மூன்றரைப் பக்கம். இவ்வளவும் இருக்கட்டும். கவசங்களும் அந்தாதிகளும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன, அவற்றை விடலாம்.

சிவபுராணத்தை இணையத்தில் எடுத்து ஒட்டாமல் நல்ல பதிப்போடு ஒப்பிடுங்கள். முதலடியிலேயே “வாஅழ்க” என்று அளபெடை இருக்கிறது. கணினியில் அடிக்கிறவர் பிழை என்று நினைத்து “வாழ்க” ஆக்கிவிடுவார். அநேகமான கல்வெட்டுகளில் அந்த “அ” இல்லை.

செப்டெம்பர் 19, மாலை – அச்சு வேலைக்காரர்

மாஸ்டர் சொன்னது சரி, பாடல் பக்கங்கள் இருக்கட்டும். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது. வரலாறு 12இல் இருக்கலாம், பாடுகிற பக்கத்தைக் கண்ணாடியில்லாமல் பார்ப்பவர்களும் இருப்பார்கள்.

படங்களை இப்போதே தொடங்குங்கள், கடைசியில் இழுப்பது அதுதான். கடவுச்சீட்டு அளவுப் படம் 3.5 செ.மீ. அகலம். அட்டையில் 10 செ.மீ. அகலத்துக்குப் போட வேண்டுமானால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெருக்குகிறோம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கான் செய்தால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். 1200இல் எடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், “டொக்கியூமென்ட்” என்று தெரிவுசெய்து அனுப்ப வேண்டும். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து அப்படியே ஸ்கானரில் கவிழ்த்து வையுங்கள்.

செப்டெம்பர் 20 – கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி மாஸ்டர். பெரியமாமா நாலு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். மூன்று இடத்தில் எனக்குச் சந்தேகம். ஒன்று, “நாற்பது வருடம் மாதாமாதம் இரத்தம் கொடுத்த வள்ளல்.” இரண்டு, “1996 பெரிய இடப்பெயர்வில் ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்தார்.” மூன்று, “சனசமூக நிலைய ஸ்தாபகர்.”

ஐயர் திதி எழுதித் தந்தார்: விசுவாவசு வருடம், ஆவணி மாதம், அபரபக்கப் (தேய்பிறைப்) பஞ்சமி.

செப்டெம்பர் 20, இரவு – தமிழாசிரியர்

மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மாமா அன்பினால் எழுதியிருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பிழையைக் கண்டவர் மற்றதையும் நம்பமாட்டார்.

மாதாமாதம் இரத்தம் கொடுக்கவே முடியாது. இலங்கையில் இரண்டு தானத்துக்கு இடையில் குறைந்தது 4 மாதம் விட வேண்டும், வயது 18 முதல் 60 வரை. ஆண்டுக்கு அதிகபட்சம் மூன்று முறைதான். கொடையாளர் அட்டையில் ஒவ்வொரு தரமும் திகதி பதிவார்கள். அட்டையைத் தேடி எடுத்து எண்ணுங்கள். எத்தனை வந்தாலும் அந்த எண்ணையே போடுங்கள்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் போரால் வெளியேறியது 1995 ஒக்டோபர் 30 இரவு. நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு வந்தார்கள். உங்கள் அப்பா அவர்களை ஏற்றுக்கொண்ட பக்கத்தில் நின்றவர், ஆகவே 1995. தென்மராட்சியே இடம்பெயர்ந்தது 2000இல். இரண்டையும் மாமா குழப்பியிருக்கலாம். தனித்தனி வசனமாக எழுதுங்கள்.

“ஸ்தாபகர்” என்ற சொல்லைத் தொட வேண்டாம். ஆரம்பித்தவர்களில் மற்றவர்களின் பிள்ளைகளும் அன்று பந்தியில் இருப்பார்கள். “ஆரம்பகால உறுப்பினர், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை தனாதிகாரி” என்பது போதும். ஆண்டுகளுக்குக் கூட்டறிக்கைப் புத்தகம் பாருங்கள். அது 2000இல் போயிருந்தால் பழைய பற்றுச்சீட்டு அடிக்கட்டை, திருவிழாத் துண்டுப்பிரசுரம், நிலையத்துப் பெயர்ப்பலகை. ஒன்றுமே இல்லையென்றால் ஆண்டைச் சொல்லாமல் எழுதுங்கள்.

செப்டெம்பர் 21 – அச்சு வேலைக்காரர்

“சமூக சேவையாளர்” என்ற சொல் வருகிற இடமெல்லாம் அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் கையால் செய்த வேலையை எழுதுங்கள். நிலையத்தைக் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார், திறப்பு யாரிடம் இருக்கும், பேப்பர் எது எது மேசையில் போடுவார். தனாதிகாரி என்றால் கணக்கை எப்படி வைத்திருந்தார். பந்தல் என்றால் கிடுகா தகரமா, யார் வீட்டிலிருந்து எடுத்தது.

குடும்பப் பகுதிக்கும் இதே. “பாசமிகு தந்தை” பட்டியலில் ஒரு தரம் வந்தால் காணும். வரலாற்றில் அவர் பிள்ளைகளுக்கு என்ன செய்தார் என்று வரட்டும்.

செப்டெம்பர் 22 – கேட்டவர்

கொடையாளர் அட்டை கிடைத்தது. 34 தரம். கடைசித் திகதி 2006.

அம்மாவின் றங்குப்பெட்டியில் ஒரு சீ.ஆர். கொப்பியும் இருந்தது. பென்சில் எழுத்து. மேலே “7.11.95 பள்ளிக்கூடம், காலைக் கஞ்சி”. கீழே “பச்சையரிசி 12 கொத்து. பயறு 2 கொத்து. தேங்காய் 10. உப்பு. விறகு ஒரு கட்டு, இன்னும் வேணும்.” வலப்பக்கத்தில் தந்தவர்களின் பெயர்கள். அடியில் இரண்டு கோடு போட்டு, “குழந்தைப் பிள்ளைகளுக்கு முதல் வார்க்க. உப்புப் போடமுன் எடுத்து வைக்க.” இப்படி 19 பக்கம். நாங்கள் ஒருவரும் இதைக் கண்டதில்லை.

செப்டெம்பர் 22, அரை மணி கழித்து – தமிழாசிரியர்

பிள்ளை, மாமாவின் “ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்தார்” வேண்டாம். இந்த ஒரு பக்கத்தை அப்படியே படமாகப் போடுங்கள், எதிர்ப்பக்கத்தில் அச்செழுத்தில் போடுங்கள். “வேணும்” “வார்க்க” எதையும் திருத்தக் கூடாது. கொத்தைக் கிலோவாக மாற்றவும் வேண்டாம்.

செப்டெம்பர் 22, இரவு – அச்சு வேலைக்காரர்

பென்சில் எழுத்தை ஸ்கான் செய்யும்போது “கறுப்பு-வெள்ளை” தெரிவை எடுக்காதீர்கள், மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். சாம்பல்நிறத் தெரிவு, 600 டிபிஐ. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மட்டையை வையுங்கள். கொப்பியின் பின்னைக் கழற்ற வேண்டாம். மடிப்பில் அமத்தி விரித்தால் பழைய தாள் வெடிக்கும், கைபேசியில் நேர் மேலே பிடித்து யன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலும் போதும்.

தந்தவர்களின் பெயர்களைப் பற்றி யோசித்தேன். அரிசி கொடுத்தவர்களை அச்சிடுவது நல்லது, அவர்களின் பிள்ளைகள் மகிழ்வார்கள். ஆனால் கொப்பியில் வேறு பக்கங்களில் கைமாற்று வாங்கியவர்களின் பெயரோ, உதவி பெற்ற குடும்பங்களின் பெயரோ இருந்தால் அதை வெளியே விடாதீர்கள். தனாதிகாரி அதை மூடி வைத்திருந்தார், நீங்களும் மூடி வையுங்கள்.

செப்டெம்பர் 23 – தமிழாசிரியர்

காலமான ஆண்டு, மாதம், திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவைக் கீழே தருகிறேன். ஆண்டுப் பெயரில் ஒரு கவனம்: தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில்தான் மாறும். 2025 பெப்ரவரியில் காலமானவருக்கு குரோதி வருடம், செப்டெம்பரில் காலமானவருக்கு விசுவாவசு. தை, மாசி, பங்குனியில் மறைந்தவர்களின் கல்வெட்டுகளில் இது அடிக்கடி பிழைக்கும். திதி பார்ப்பது காலமான நேரத்துக்கு, தகன நேரத்துக்கு அல்ல. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேர வித்தியாசம் வரும். உங்கள் வீட்டில் எதைப் பார்த்துத் திவசம் செய்கிறீர்களோ அதையே பின்பற்றுங்கள். ஆட்டத்திவசம் (முதலாம் ஆண்டுத் திவசம்) அடுத்த செப்டெம்பர் 11 அல்ல, பராபவ வருடத்து ஆவணி அபரபக்கப் பஞ்சமி. அது 2026 செப்டெம்பர் முதல் வாரத்தில் வரும். வெண்பா அதை நினைவில் வைக்கத்தான்.

விசுவா வசுவாண்டில் ஆவணித் திங்கள்
பசுபதி தாளினைப் பற்றி – விசும்படைந்தான்
தேய்பிறைப் பஞ்சமியில் தேகம் விடுத்தகன்ற
தாய்நிகர் நெஞ்சத் தவன்.

பெயரை உள்ளே திணிக்கவில்லை. மேலே தலைப்பில் பெயர் இருக்கிறது. திணித்தால் பெயரை உடைக்க வேண்டிவரும் அல்லது தளை தட்டும், அதாவது வெண்பாவின் ஓசை கெடும்.

செப்டெம்பர் 24 – கேட்டவர்

மாஸ்டர், அம்மா வாசித்து அழுதுவிட்டா. ஆனால் “அடைந்தான்”, “தவன்” என்று அப்பாவை ஒருமையில் சொல்வது அவவுக்கு மனமில்லை. மாற்ற முடியுமா?

செப்டெம்பர் 24, மதியம் – தமிழாசிரியர்

அம்மா சொல்வது சரி. செய்யுளில் ஒருமை வழக்கம்தான், ஆனால் வாசிக்கப்போவது வீட்டார். “விசும்படைந்தார்”, “நெஞ்சத் தவர்” என்று போடுங்கள். சீர் மாறாது, ஈற்றுச்சீர் “தவன்” என்றாலும் “தவர்” என்றாலும் “மலர்” என்ற வாய்பாடுதான். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும், ஒன்றை விட்டால் ஒருமையும் பன்மையும் மயங்கும்.

செப்டெம்பர் 25 – அச்சு வேலைக்காரர்

உறவுப் பட்டியல். கல்வெட்டால் சண்டை வருவது இதில்தான்.

“காலஞ்சென்ற” என்ற சொல் எதுவரை போகும் என்று பாருங்கள். “காலஞ்சென்ற இன்னார், இன்னார் ஆகியோரின் சகோதரர்” என்றால் இரண்டாமவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. இருவரும் இல்லையென்றால் “காலஞ்சென்றவர்களான”. ஒருவர் மட்டும் என்றால் இருப்பவரை முன்னுக்குப் போட்டு, இல்லாதவரைக் கடைசியில் “காலஞ்சென்ற” என்று சேருங்கள். உயிரோடிருக்கிற ஒருவரை இந்தச் சொல் தொட்டுவிட்டால் பிறகு என்ன சமாதானம் சொன்னாலும் ஆறாது.

பட்டியலை வீட்டில் ஒருவர் எழுதி, ஒவ்வொரு கிளையிலும் ஒருவருக்கு அவர்களின் பகுதியை மட்டும் அனுப்பிப் பதில் வாங்குங்கள். கனடாக்காரருக்கு நமது இரவு அவர்களின் காலை, ஒரு நாள் கூட விடுங்கள். முதலெழுத்து, மருமக்களின் பெயர், பேரப்பிள்ளைகளின் வரிசை மூன்றையும் அவர்களே சரி என்று எழுத வேண்டும். மைத்துனர், சகலன், சம்பந்தி பகுதிகளில்தான் ஆள் விடுபடும்.

பிள்ளைகளின் முழுப் பிறந்த திகதி, வீட்டு விலாசம், அடையாள அட்டை எண் எதுவும் வேண்டாம். இந்தப் புத்தகம் இணையத்துக்கும் போகப் போகிறது.

செப்டெம்பர் 27 – கேட்டவர்

எழுதி முடித்தோம். வரலாறு ஏழு பக்கம். அச்சகத்துக்கு அனுப்பித் திரும்பி வந்த புரூப்பில் சில இடத்தில் எழுத்து உடைந்திருக்கிறது. அப்பா படித்த பாடசாலையின் ஆங்கிலப் பெயர் விளங்காத தமிழ் எழுத்தாக வந்திருக்கிறது.

செப்டெம்பர் 27, இரவு – அச்சு வேலைக்காரர்

நீங்கள் யூனிகோடில் அடித்தீர்கள், அவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஆங்கிலச் சொல் முழுவதும் தமிழ்க் குப்பையாகும். சதுர அடைப்புக்குறி ஜ, ஸ என்று வரும். அரைப்புள்ளி, புள்ளியாகி எழுத்தின் தலையில் ஏறும். ஆங்கிலச் சொற்களைத் தமிழிலேயே எழுதிவிடுங்கள், அடைப்புக்குறி தேவையென்றால் வளைந்ததைப் போடுங்கள். புரூப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்துப் பாருங்கள்.

மூன்று தரமும் மூன்று பேர் பார்க்கட்டும். ஒருவர் பெயர்களை மட்டும், ஒருவர் எண்களையும் திகதிகளையும் மட்டும், மூன்றாமவர் சத்தமாக வாசிக்கட்டும். எழுதியவர் பார்த்தால் தான் நினைத்ததைத்தான் வாசிப்பார், அச்சில் இருப்பதை அல்ல. அட்டையை மறந்துவிட வேண்டாம். உள்ளே எல்லாம் சரியாக இருக்க, அட்டையில் தோற்றம்-மறைவு ஆண்டு பிழைத்த புத்தகங்கள் உண்டு.

செப்டெம்பர் 29 – அச்சு வேலைக்காரர்

முன்பு 300 என்றேன். திருத்துகிறேன். ஆள் கணக்கில் அடித்தால் மிஞ்சும், வீட்டுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். கொழும்பில் வரக்கூடிய வீடுகள், ஊரில் கொடுக்க வேண்டிய வீடுகள், வெளிநாட்டுக்குப் பெட்டியில் போகிறவை, நூலகங்களுக்கு 10, மேலதிகமாக 20. நீங்கள் சொன்ன பட்டியலுக்கு 250 போதும்.

இன்னொன்று. வெள்ளவத்தையில் ஆறு வருடம் இருந்தவர் என்றால் மாடிவீட்டுச் சிங்கள அயலவர்களும் வருவார்கள். கடைசி உட்பக்கத்தில் அவரைப் பற்றிச் சிங்களத்தில் பத்து வரி போடுங்கள். சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் கொடுத்துப் பார்ப்பியுங்கள், இயந்திர மொழிபெயர்ப்பை அச்சேற்ற வேண்டாம்.

ஒக்டோபர் 2 – கேட்டவர்

சம்மதம் கொடுத்தாயிற்று. 32 பக்கம், 250 பிரதி. கீழ்வீட்டு அக்கா சிங்களப் பக்கத்தைத் தானே எழுதித் தந்தா. அப்பா தண்ணீர் மோட்டரைக் காலை ஐந்து மணிக்குப் போட்டு எல்லா வீட்டுத் தாங்கியும் நிரம்பும்வரை நிற்பாராம். எங்களுக்கு அது தெரியாது.

ஒக்டோபர் 9 – கேட்டவர்

புத்தகம் வந்துவிட்டது. கொப்பிப் பக்கம் பென்சில் கோடு தெரிய நன்றாக வந்திருக்கிறது. ஆனால் சம்பந்தி பகுதியில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது. இனி என்ன செய்யலாம்?

ஒக்டோபர் 9, பத்து நிமிடம் கழித்து – அச்சு வேலைக்காரர்

பேனையால் எழுத வேண்டாம். அந்தப் பத்தியை முழுதாகத் திருத்தி, அதே எழுத்தில், அதே அகலத்தில் அச்சிட்டு வெட்டி மேலே ஒட்டுங்கள். தாள் அதே நிறமாக இருக்கட்டும். பசைக்குச்சி பாவியுங்கள், தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கும். 250 ஒட்ட மூன்று பேருக்கு ஒரு மாலை போதும். எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கும் கோப்பிலும் திருத்திவிடுங்கள், அது மறந்துபோகும். விடுபட்டவரின் வீட்டுக்கு இன்று இரவே தொலைபேசி எடுத்து நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஒக்டோபர் 14 – கேட்டவர்

எல்லாம் நல்லபடி முடிந்தது. 31 பிரதி மீதி.

ஒக்டோபர் 14, மாலை – தமிழாசிரியர்

கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு இரண்டு. எண்ணிம நூலகத்துக்கு அச்சுப் பிரதியும் கோப்பும். கொப்பியின் 19 பக்கத்தையும் ஸ்கான் செய்து, உதவி பெற்றவர்களின் பெயர் இருந்தால் அதை மறைத்து, சேர்த்துக் கொடுங்கள். அசலை நப்தலீன் போடாமல் காற்றுப் படும் பெட்டியில் வையுங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு ஐந்து அனுப்பி, அதில் ஒன்றை அலுமாரிக்குள் பூட்டாமல் பேப்பர் மேசையில் போடச் சொல்லுங்கள்.